ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள்

“ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள், பிடித்தால் வாங்குங்கள்” என்று பழைய வண்டிக் கடைக்காரர் வாசலில் போர்டு மாட்டினார். அதைப் பார்த்து முதலில் வந்தவன் ஒரு மலையேறி.

“தங்கறதுக்குத் தோதா ஒரு வேன் வேணும்ணே. நானும் வீட்டுக்காரியும் பாறை ஏறப் போற இடத்துலயே சமைச்சுத் தூங்கிக்கணும். விலை கையைக் கடிக்கக் கூடாது.”

வெள்ளை வேன் ஒரே வாரத்தில் திரும்பி வந்தது.

“படுத்தா கால் வெளியே நிக்குதுண்ணே.”

நீல வேனில் அடுப்பு தலைமாட்டில் இருக்கிறதாம், காப்பி போட்டால் முடி கருகுகிறதாம். பச்சை வேனைச் சரிவில் நிறுத்தினால் மனைவி உருண்டு வந்து மேலே விழுகிறாளாம்.

அவன் கொடாக்கண்டன் என்றால் கடைக்காரர் விடாக்கண்டர். மஞ்சள் வேனில் கட்டிலை நீட்டினார், அடுப்பை நகர்த்தினார், நடுவில் தடுப்புப் பலகை அடித்தார். ஜன்னலுக்குத் திரைகூடத் தைத்துப் போட்டார்.

“இதுல ஒரு குறை சொன்னீங்கன்னா நான் கடையையே மூடிடறேன்” என்று சாவியை நீட்டினார்.

மறுநாள் காலை ஒரு பெரியவரும் அவர் மனைவியும் பெட்டி படுக்கையோடு கடைக்குள் நுழைந்து, ஒவ்வொரு வேனாக எட்டிப் பார்த்தார்கள்.

“யாரைத் தேடறீங்க?”

“எங்க பொண்ணையும் மாப்பிள்ளையையும்தான். இந்த விலாசம்தான் சொன்னாங்க. இந்த வாரம் எந்த வண்டியில குடியிருக்காங்க?”

கடைக்காரர் கேட்டார், “அப்ப அவங்க வீடு?”

“உங்க போர்டைப் பார்த்த அன்னைக்கே காலி பண்ணிட்டாங்களே.” பெரியவர் பெட்டியைக் கீழே வைத்தார். “பத்து நாள் இருந்துட்டுப் போகலாம்னு வந்தோம். ஒரே வண்டியில நாலு பேர் படுக்க முடியாது. எங்களுக்கும் ஒண்ணு ஓட்டிப் பார்க்கக் குடுங்க தம்பி.”