றிபன் வெட்டாத வண்டி

"றிபன் வெட்டாம வண்டியை அசைக்க ஏலாது, தங்கச்சி. அமைச்சர் அக்கரைப்பற்றைத் தாண்டிட்டாராம்."

நகரசபைத் தவிசாளர் ஜவுபர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். பந்தலுக்குள் புதுத் தீயணைப்பு வண்டி மாலையும் றிபனுமாக மினுங்கிக்கொண்டு நின்றது. வாசலில் றமீஸ் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். அவனுடைய தறிக்கூடம் பற்றி எரிகிறது. மனைவி சுல்பிகா உள்ளே நூல் அறையில் மாட்டிக்கொண்டாள்.

தவிசாளரை அண்ணன் முறையில் 'காக்கா' என்று கூப்பிடும் சபை உறுப்பினர் றாஹிலாவுக்குப் பொறுக்கவில்லை. "உங்களுக்கென்ன பைத்தியமா, காக்கா? உள்ளுக்க உசிரு கிடந்து துடிக்குது. நீங்க றிபனைப் பத்திக் கதைக்கிறீங்க!"

"பக்கத்து ஊர் வண்டிக்குச் சொல்லியிரிக்கன். இப்ப வந்திரும்."

"அது வாறதுக்குள்ள மையித்தைத்தான் எடுக்கணும்!"

இந்த வண்டிக்காக அவள் பட்ட பாடு கொஞ்சமா? பழையதின் பம்ப் சரியில்லை, மாற்றுங்கள் என்று கூட்டத்துக்குக் கூட்டம் தொண்டை கிழியக் கத்தினாள். "ஓடுதுதானே" என்று சிரித்தார்கள். போன வருடம் அந்த வண்டி தீக்கு முன்னால் தண்ணீர் வராமல் நிற்க, பூமணி என்ற பாவப்பட்ட பெண் கருகிச் செத்தாள். அதற்குப் பிறகுதான் எல்லாக் கைகளும் உயர்ந்தன. நம்முடைய சபைகளுக்கு ஒரு சாவு விழாமல் கண் திறக்காதே! பழையதைக் கொழும்புக்கு இழுத்துப் போனார்கள். போன கிழமை தவிசாளரே முன்னின்று புதியதைக் கொண்டுவந்தார்.

தட்டிலிருந்த கத்தரிக்கோலை றாஹிலா எடுத்தாள்.

"வேணாம் புள்ள! சொல்றதைக் கேளு!" தவிசாளர் அவள் கையைப் பிடித்தார்.

உதறிவிட்டு றிபனை வெட்டினாள். "றஜீவன், எடுங்க வண்டியை!"

புது வண்டிக்கென்றே வேலைக்குச் சேர்ந்த சாரதி றஜீவன் பாய்ந்து ஏறினான். றாஹிலாவும் றமீசும் கூடவே ஏறினார்கள்.

தறிக்கூடத்துக்குள் இருந்து சுல்பிகாவின் சத்தம் இன்னும் கேட்டது.

"இரிக்கா! அல்லாஹ்வே, உசிரோட இரிக்கா!" றமீஸ் குழாயை இழுத்துக்கொண்டு ஓடினான்.

றஜீவன் பம்பை முடுக்கினான். குழாய் இருமிக்கொண்டு கொஞ்சம் தண்ணீரைத் துப்பியது. பிறகு நின்றுவிட்டது.

"என்ன றஜீவன்? புது வண்டிதானே!"

"தெரியலியே அக்கா... பம்ப் இழுக்குதில்ல!"

திரும்பத் திரும்ப முடுக்கினான். உள்ளே சத்தம் அடங்கிப்போனது. றமீஸ் வெறும் குழாயோடு மண்ணில் குந்திவிட்டான்.

தீயின் சூட்டில் வண்டிக் கதவின் சிவப்புப் பெயின்ற் கொப்பளித்து உரிந்து விழுந்தது. பூமணி செத்த அன்று சனம் பழைய வண்டியின் கதவில் ஆணியால் கீறிய எழுத்து, அதன் அடியில் அப்படியே இருந்தது: 'கொலைகாரர்.'