தையல் பதிந்த தடம்

வீடுகளில் ஒட்டிக் கொடுக்கும் தீப்பெட்டிக் கூடுகளைச் சைக்கிளில் சேகரித்து, சாத்தூர் கம்பெனியில் சேர்ப்பது பீர் முகைதீனின் வேலை. கிழிந்த பின் டயரைச் செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்துத் தைத்து வாங்கியிருந்தார். வெள்ளைவெளேரென்ற சுண்ணாம்புக்கல் மேட்டுப் புழுதியில் அந்தத் தையல் சுற்றுக்கு ஒருதரம் பதியும்.

அறுபத்திரண்டு ஐப்பசியில் ஒரு மதியம் லோடோடு சாத்தூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். மேட்டில் கல்லுடைக்கும் சவரியப்பன் சம்மட்டியை இறக்கினார்.

"என்ன பாய், இப்பத்தான இங்கன கூடிப் போனீக?"

"காலையில வந்ததச் சொல்லுதீகளா?"

"இல்ல, ஊருக்குத் திரும்பிப் போனீகளே. இதே லோடுதான்."

பீர் முகைதீன் தரையைப் பார்த்தார். அதே தையலோடு ஒரு தடம் ஊரை நோக்கிப் போயிருந்தது. கால்மணி நேரம் மணலில் சைக்கிளை உருட்டிக் கடக்க வேண்டிய வழக்கமான ஆற்றுத்துறைக்கு அது இறங்கவில்லை. ஆறு குறுகும் பாறைப் பக்கம் திரும்பியிருந்தது. அவரும் அதன் மேலேயே போனார்.

அக்கரைச் சேற்றில் தடத்தை ஒட்டி இடதுகால் சுவடு ஒன்று தெரிந்தது. அங்கே வந்தபோது பின்னால் பெரிய இரைச்சல் கேட்டது. காலை ஊன்றித் திரும்பினார். செம்மண் வெள்ளம் வழக்கமான துறையை மூடிக்கொண்டு போனது.

"யா அல்லா" என்றபடி குனிந்தார். ஊன்றிய இடதுகால் அந்தச் சுவட்டுக்குள் இம்மியும் பிசகாமல் இருந்தது.