வெள்ளத்துக்குக் கைதட்டிய காடு

கூச்சலிட்டுச் சொன்னதற்கெல்லாம் கைதட்டிவிட்டு, சொன்னது என்னவென்று என்றாவது யோசித்ததுண்டா நீங்கள்?

அணில்களின் ஓட்டப்பந்தயத்தை வருணித்துப் புகழ்பெற்ற கிளியைக் காட்டின் காலைச் செய்தி வாசிக்க விலங்குகள் அமர்த்தின. ஒரு காலையில் ஆற்றின் கரை உடைந்தது.

"இதோ, ஆறு முந்துகிறது! முயல் வளை பின்தங்குகிறது! வெல்லப்போவது யார்?" என்று கிளி முழங்கியது. மரத்திலிருந்த குரங்குகள் வழக்கம்போல் கைதட்டின.

குட்டிகளை வளையில் விட்டு மேய வந்திருந்த தாய் முயல் கிளியைப் பார்த்துக் கத்தியது:

"அடேய், கரை எந்தப் பக்கம் உடைந்தது? அதைச் சொல்லடா!"

"பொறுங்கள் அக்கா, விறுவிறுப்பான கட்டத்தில் குறுக்கே பேசாதீர்கள்!"

முயல் வளையை நோக்கி ஓடிக்கொண்டே குரங்குகளிடம் சீறியது: "அங்கே முங்குவது என் குட்டிகளடா! தட்டிய கைகளால் உடைப்பை அடைக்க மண்ணை அள்ளுங்கள். இன்றே, இப்போதே இறங்கி வாருங்கள்!"