மாடி வீட்டுப் புட்டிங்

"அடுப்பே பத்த வைக்காம செஞ்ச புட்டிங், டீச்சர். குளிர வச்சாத்தான் இறுகும். என் ஃபிரிட்ஜ் மக்கர் பண்ணுது. உங்க வீட்ல வைக்கலாமா? சாயங்காலம் வந்து வாங்கிக்கிறேன்."

மாடி வீட்டுத் தையல்காரரின் கிண்ணத்தை டீச்சர் வாங்கிக்கொண்டார். வசந்த விடுமுறைக்கு வந்த சொந்தபந்தம் உள்ளே கலகலத்தது.

"உங்க வீட்லயும் விருந்தா?"

"ஆமா... பசங்க வர்றாங்க."

அவருக்கு எதற்கு அலைச்சல் என்று சாயங்காலம் டீச்சரே கிண்ணத்தோடு மாடியேறினார். அங்கே ஈ, காக்காய் இல்லை. மூச்சு வாங்கியவருக்குத் தையல்காரர் பதறிப்போய்த் தண்ணீர் கொடுத்தார். ஐஸ் தண்ணீர், பல் கூசியது.

"ஃபிரிட்ஜ் நல்லாத்தானே இருக்கு?"

தையல்காரர் தலை குனிந்தார். "கிண்ணத்தை வாங்க வந்தா, 'உள்ள வந்து உட்காருங்க'ன்னு சொல்வீங்கன்னு நெனச்சேன்."

டீச்சர் கிண்ணத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

"இன்னும் இறுகலை. கீழ வந்தே வாங்கிக்குங்க. நேரமாகும், உட்காரத்தான் வேணும்."