கடலடி ஊற்று

பாம்பன் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் பஞ்சவர்ணம், உலை கொதிக்கும் நேரத்தில் தானே பேசும் தொல்லியல் புத்தகத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருப்பாள். அன்று புத்தகம், "பழம்பாட்டு சொல்லும் கடலடி நன்னீர் ஊற்று கவிஞரின் வெறும் கற்பனை" என்றது.

"கற்பனையா? தெனம் நான் அதுலதான வாய் கொப்பளிக்கிறேன்" என்றாள்.

புத்தகம் வாசிப்பதை நிறுத்தியது. "இடத்தைக் காட்டுவீர்களா, அம்மா?"

புத்தகம் தகவல் அனுப்ப, மறுநாள் ஆய்வாளர்கள் வந்தார்கள். பஞ்சவர்ணம் மூழ்கி, பாறை இடுக்கில் குப்பியை அழுத்திப் பிடித்துத் தண்ணீர் கொண்டுவந்தாள். குடித்துப் பார்த்தார்கள், உப்பே இல்லை. அன்று மாலைக்குள் உலகத்திலுள்ள எல்லாப் பிரதிகளிலும் 'கற்பனை' அழிந்து, 'கண்டறிந்தவர்: பஞ்சவர்ணம், பாம்பன்' என்ற வரி தானே ஏறிவிட்டது. கரையே கூடிப் பார்த்தது. பஞ்சவர்ணத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு.

கூட மூழ்கும் ராக்கம்மா மட்டும் இடுப்பில் கைவைத்து நின்றாள். "அந்த ஊத்த ஒனக்குக் காட்டுனது யாருடி?"

பஞ்சவர்ணம் நாக்கைக் கடித்துக்கொண்டு புத்தகத்தைத் திறந்தாள். "இன்னொரு திருத்தம் இருக்கு. ராக்கம்மா பேர மொதல்ல போடு."

"ஆதாரம்?" என்றது புத்தகம்.

"எதுக்க நின்னு மொறைக்கிறா பாரு."