குழாய் பழுது பார்க்க வந்தவர்

பெண் கேட்டு வந்த மாப்பிள்ளையின் அம்மா, சமையலறைக் குழாயடியில் குனிந்திருந்தவரைப் பார்த்தார்.

"அது யாரு?"

"குழாய் ரிப்பேர் பண்ண வந்தவருங்க," என்றாள் பெண்ணின் தாய்.

பக்கத்தில் அமர்ந்திருந்த அவள் தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

"தம்பிக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"இல்லைங்க. ஒண்டிக்கட்டை."

மாப்பிள்ளையின் அம்மா டீ கோப்பையைக் கீழே வைத்தார்.

"உங்க தம்பி ஒரு ஆம்பளையோட வாழறார், அவரையும் நீங்க வீட்டு மாப்பிள்ளையா நடத்துறீங்கன்னு கேள்விப்பட்டோம். என் மூத்த பையனும் அப்படித்தான். இந்த வீட்டுலயாவது அவன் தலைநிமிர்ந்து உட்காரட்டுமேன்னுதான் சம்பந்தம் பேச வந்தோம்."

அவர் எழுந்துகொண்டார். அவர்கள் வாசலைத் தாண்டும்வரை பெண்ணின் தாய் நிமிரவில்லை.

சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றது.

"அக்கா, அவங்க போயிட்டாங்களா? நான் இப்ப வெளியே வரலாமா?"