முப்பத்தொன்றாம் எண்

பெயர்ப்பட்டியல் இருந்த உறையைப் பிரிப்பதா, பிரிக்காமலே அழிப்பதா என்று பிரையனி காலையிலிருந்து தவித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்தவர் படங்களைக் கைப்பேசியில் ஓயாமல் பார்ப்பது மனசை என்ன பாடு படுத்துகிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரத்துக்காரர்கள் இருநூறு பேர் சம்மதித்திருந்தார்கள். ஆறு வாரமாக அவர்களுடைய கைப்பேசிக்கு ஒரு நாளைக்கு மூன்று முறை கேள்வி போகிறது. இப்போது யாரைப் பார்க்கிறீர்கள்? மனசு எவ்வளவு நன்றாக இருக்கிறது, பத்துக்கு எத்தனை?

பதில் எண்ணோடுதான் வரும், பெயரோடு வராது. எந்த எண் யார் என்பது அந்த உறைக்குள் இருக்கும் ஒரே ஒரு தாளுக்குத்தான் தெரியும். கடைசி நாளன்று அதைப் பிரிக்காமலே அழித்துவிடுவேன் என்று இருநூறு பேருக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள்.

இன்றுதான் கடைசி நாள்.

அவளைப் பாடாய்ப் படுத்தியது முப்பத்தொன்றாம் எண்.

‘அவளைப் பார்க்கிறேன். இன்று சாப்பிடவே இல்லை. ஆறு.’

‘அவளைப் பார்க்கிறேன். எவனோடோ சிரித்துப் பேசுகிறாள். மூன்று.’

‘நான் எழுதுவதை ஒரு வரி விடாமல் படிக்கிறாள். பதில் மட்டும் போடமாட்டாள். இரண்டு.’

எவளோ ஒருத்தி, பாவம், தன்னை ஒருவன் கண்கொத்திப் பாம்பாய்ப் பார்த்துக்கொண்டிருப்பது தெரியாமல் படம் போட்டுக்கொண்டிருக்கிறாள். உறையைப் பிரித்தால் அந்தப் பெண்ணைக் காப்பாற்றலாம். ஆனால் இருநூறு பேருக்குக் கொடுத்த வாக்கு காற்றோடு போய்விடும்.

எதிர் மேசை டெஸ்மண்டுக்கு இந்தக் குழப்பமெல்லாம் கிடையாது.

“காதல்ல அடிபட்ட பய எவனோ புலம்புறான். அதுக்காக உன் வேலைக்கே உலை வச்சுக்கப்போறியா? உறையைக் கிழிக்கிற மெஷின்ல போட்டுட்டுக் கிளம்பும்மா, வெள்ளிக்கிழமையும் அதுவுமா.”

சொல்லிவிட்டுக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு பப்புக்குப் போய்விட்டான்.

மூன்று மணிக்கு இன்னும் ஒரு கேள்வி பாக்கி. அதற்கும் பதில் வந்த பிறகுதான் அழிக்க வேண்டும் என்பது முறை. பத்து நிமிஷத்தில் என்ன குடிமுழுகிவிடப்போகிறது? உண்மையில் அவளுக்கு, யோசிக்கிற பாரம் தொலைந்தால் போதும் என்றிருந்தது.

அறையில் வேறு யாரும் இல்லை. உறையைத் தாள் கிழிக்கும் இயந்திரத்தின் வாயில் விட்டாள். கரகரவென்று உள்ளே போய்த் தூளாக விழுந்தது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள்.

மணி மூன்றானது. கேள்வி போயிற்று. பதில்கள் திரையில் வரத் தொடங்கின.

வழக்கம்போல முப்பத்தொன்றுதான் முதலில்.

‘அவளைப் பார்க்கிறேன். பிரிக்காமலே கிழித்துப் போட்டுவிட்டாள். சமத்து. பத்து.’